கோலே விழாத ஆட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம்தானே? நடந்ததை அப்படியே உண்மையாக எழுதுகிறேன். மணிலா அணியில் அண்ணன் ரோமெலைச் சேர்ப்பதா, ஊருக்கு அனுப்புவதா என்று இன்றைய கால்பந்து ஆட்டத்தில்தான் முடிவு. கடைசி நிமிடத்தில், கோலுக்குள் போகவிருந்த பந்தை முகத்தால் தடுத்தான். யாரும் கோல் போடவில்லை.

கூடைப்பந்து மட்டுமே பார்த்துப் பழகிய, நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா அலிங் பசிங், அவனைத் தேற்ற இஞ்சிக் கஞ்சி காய்ச்சிவிட்டார். "அழாதேடா தம்பி, ஒரு பாயிண்ட்கூட எடுக்கலன்னா என்ன!"

"எடுக்க விடாம தடுக்கிறதுதான் அத்தை என் வேலை! அணியில சேர்த்துக் கையெழுத்தே போட்டாச்சு!"

"ஒண்ணும் எடுக்காததுக்குச் சம்பளமா? என் புருஷனுக்கும் அங்க ஒரு இடம் கேளு!"

சிரித்ததில் அண்ணனின் உதட்டுத் தையல் வலித்தது; இரண்டே தையல்தான், பயப்படாதீர்கள்.

கருவாடு அனுப்புங்கள். உங்கள் போர்வையையும், துவைக்காமல். அலிங் பசிங் விளக்கை அணைக்க வந்துவிட்டார்.

உங்கள் மகள்,
லிகாயா