இன்சூரன்ஸ் படிவத்தில் ஒன்பதாம் கேள்வி

4ஆம் தேதி, வியாழக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் மூவரும் நலம். மாமாவுக்குக் கை வீக்கம் வற்றிவிட்டது. சின்னவளுக்கு முன்பல் ஒன்று விழுந்து, பேசினால் காற்று வருகிறது. எனக்கு வழக்கமான முதுகுவலிதான். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று திகைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் நாலு நிமிஷம் கணீரென்று கேட்கிற போன், என் கைக்கு வந்ததும் கரகரவென்று ஆகிவிடுகிறது. தாளுக்கு அந்த சிக்னல் தொல்லை இல்லை. டயாலிசிஸ் அறைக்கு வெளியே, கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா உள்ளே இருக்கிறார். வெளியே வர இன்னும் மூன்று மணி நேரம் ஆகும்.

விஷயம் கார். இருபத்தெட்டாம் தேதியோடு இன்சூரன்ஸ் முடிகிறது. பழைய கம்பெனி அனுப்பிய கடிதத்தைப் பிரித்ததும், மேல்வீட்டுக்காரரின் பெரிய வண்டிக்கு வந்ததை நம் பெட்டியில் போட்டுவிட்டார்களோ என்று முகவரியை இரண்டு தடவை பார்த்தேன். நமக்குத்தான் வந்திருக்கிறது. ஒரே வருஷத்தில் ஒன்றரை மடங்கு! என்ன காரணம் என்று கேட்டால், "எல்லாருக்குமே ஏறியிருக்கு மேடம்" என்கிறார்கள். அந்த எல்லாரும் எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேட்பதற்குள் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

வண்டி இல்லாமல் எங்களுக்கு ஆகாது. உங்களுக்கே தெரியும் என்று எழுத வந்தேன், ஆனால் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கிளம்பியபோது மாமாவுக்கு டயாலிசிஸ் தொடங்கவில்லை. இப்போது செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள். போன மாதம் வண்டி மெக்கானிக்கிடம் இருந்த ஒரு நாள், பஸ்ஸில் திரும்பினோம். இரண்டாவது பஸ்ஸில் ஏறும்போதே தலை சுற்றி, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்துகிறார்கள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. இனி அவரை பஸ்ஸில் ஏற்றுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நான் வேலைக்குப் போகிற மூக்குக்கண்ணாடிக் கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆறு கம்பெனிகளைக் கூப்பிட்டேன். ஒருவர் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் தருகிறேன் என்றார். நம் வண்டி நொறுங்கினால் நாமே அள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். இன்னொருவர் நான் பிரேக் போடுவதை எண்ண ஒரு டப்பா மாட்டுவாராம். நம் தெருவில் போடுகிற பிரேக்கை எண்ணினால் அந்த டப்பா ஒரே வாரத்தில் உயிரை விட்டுவிடும். ஆறாவது கம்பெனிதான் கட்டுப்படியாகிற விலை சொன்னது. அதுவும் இத்தனை வருஷம் இடிக்காமல் ஓட்டிய உங்கள் பெயருக்காகத்தான்.

அங்கேதான் மாமா காரியத்தைக் கெடுத்தார். நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தக் கம்பெனிப் பெண் வீட்டுக்குப் போன் செய்தாள். நான் சின்னவளின் சீருடையைப் பிழிந்துகொண்டிருந்தேன். மாமா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். வண்டியை முக்கியமாக ஓட்டுவது யார் என்று கேட்டாள். "என் பையன்தான்" என்றார். வீட்டில்தான் இருக்கிறாரா? "பின்ன? தினம் சாயங்காலம் அஞ்சரைக்கு டாண்ணு வந்துடுவான்." என் கை பாதிப் பிழியலில் நின்றுவிட்டது.

அவரிடம் ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்றாள். "குளிச்சிட்டிருக்கான்மா." பத்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டாள். "இன்னும் குளிக்கிறான்." மூன்றாவது தடவை மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஹலோ, நான்தான் பேசறேன், சொல்லுங்க சொல்லுங்க" என்று உங்கள் குரலிலேயே ஆரம்பித்துவிட்டார்! சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று ஈரக் கையை ஆட்டுகிறேன். பிறந்த தேதி கேட்டாள். சரியாகச் சொன்னார். அதோடு விட்டாரா? "ஞாயித்துக்கிழமை, மத்தியானம் ரெண்டு பத்து. வெளிய கொட்டற மழை. ரெண்டு நாள் அவங்கம்மாவப் பாடாப் படுத்திட்டுத்தான் வந்தான்" என்றார்.

அந்தப் பக்கம் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. பிறகு, "ஐயா, நீங்க அவரோட அப்பாதானே?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். மாமா போனை என் கையில் திணித்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார். போகும்போது கதவைச் சாத்திக்கொண்டார்.

நல்ல பெண், திட்டவில்லை. "வீட்ல இல்லாதவரை இருக்கார்னு என்னால எழுத முடியாது மேடம். நெஜமாவே இருக்கார்னா அவரே கூப்பிட்டுச் சொல்லட்டும். இருபத்தெட்டு வரைக்கும் இந்த விலைய நிறுத்தி வைக்கிறேன்" என்று சொல்லி, படிவத்தை அனுப்பிவைத்தாள். ஒன்பதாம் கேள்வி: "வாகனத்தின் உரிமையாளர் இந்த முகவரியில் வசிக்கிறாரா?" எதிரே இரண்டு கட்டம், ஆம், இல்லை.

சும்மா ஆம் என்று போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் கடையில் லென்ஸ் தேய்க்கிற அக்கா அப்படித்தான் அண்ணன் பெயரில் போட்டு வைத்திருந்தாள். ஒரு நாள் கேட்டில் இடித்தாள். கம்பெனி ஆள் வந்து, தினமும் இந்த வண்டியை ஓட்டுவது யார் என்று அக்கம்பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். எல்லாரும் அவளைக் கைகாட்டினார்கள். பைசா தரவில்லை. நம் அக்கம்பக்கம் மட்டும் என்ன, கேட்காமலே சொல்லும்.

ஒரு வருஷ வேலை என்று போனீர்கள். இப்போது மூன்றாவது வருஷம் நடக்கிறது. அதைப் பற்றி இதில் எழுத உட்காரவில்லை. அந்த ஒன்பதாம் கேள்விக்கு என்ன போடட்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மனைவி


16ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்திருக்கிறது என்பது உங்கள் செய்தியில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது: "ஆம்னு போட்டுடு. வேலையா இருக்கேன்." அதற்குப் பின்னால் ஏதாவது வரும் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சார்ஜ் தீர்ந்ததுதான் மிச்சம்.

தப்பு என்னுடையது. அதை மாமாவிடம் காட்டியிருக்கக் கூடாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார். அவர் படித்தது உங்கள் முதல் வார்த்தையை மட்டும்தான் போலிருக்கிறது. அன்றைக்கு மத்தியானமே முகச்சவரம் செய்துகொண்டார். உங்கள் அலமாரியைத் திறந்து சட்டைகளை உதறி வெயிலில் போட்டார். "ஏம்மா, எந்த மாசம்னு சொன்னானா?" என்று கேட்டார். அது இன்சூரன்ஸுக்குச் சொன்ன பதில் மாமா என்று சொல்ல வாயெடுத்தவள், வெயிலில் கிடந்த சட்டைகளைத் திருப்பிப் போட்டேன். நேற்றிலிருந்து சாயங்காலம் அஞ்சரை மணிக்குப் பால்கனியில் நிற்கிறார். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் அவராகக் கட்டிவிட்ட நேரம் அது! சின்னவளும் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அப்பா நெஜமாவே வராராம்மா?" என்று காற்று வருகிற பல்லோடு கேட்கிறாள். அடுப்பில் வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

சனிக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லிக் கேட்க வேண்டாம். மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது ஒரு சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வந்தார். டிரைவர் சீட் உங்கள் காலுக்கு ஏற்றபடி பின்னால்தானே இருக்கிறது? நீங்கள் போனதிலிருந்து அதை ஒரு அங்குலம் நகர்த்த மாமா விட்டதில்லை. "அவன் வந்தா உடனே உக்காந்து ஓட்டணும்ல" என்பார். நானும் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டுகிறேன். சனிக்கிழமை மேல் தலையணை நழுவிவிட்டது. பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. கீழே சரிந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி மிதித்தேன். சைக்கிள்காரருக்கு ஒன்றும் இல்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார், கேட்டுக்கொண்டேன். மாமாவுக்கு முழங்கால் டாஷ்போர்டில் மோதிக் கன்றிவிட்டது.

அன்றைக்கு அந்த ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தால், நான் 'ஆம்' என்று எழுதிய படிவத்தை வைத்துக்கொண்டு யார் முகத்தில் விழிப்பேன்?

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 'ஆம்' என்று சொன்னீர்களே, அது கம்பெனிக்குச் சொன்ன பதிலா, எனக்குச் சொன்ன பதிலா? எனக்கென்றால், அந்தப் பெண்ணின் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்களே கூப்பிட்டு, இந்தத் தேதியில் வீட்டுக்கு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். விலை அவ்வளவு குறையாவிட்டாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை கடை மூடும் வரை காத்திருப்பேன். இந்த வெள்ளி இல்லை, இருபத்தாறாம் தேதி வெள்ளி.

கோபமாக எழுதிவிட்டேனோ என்று திரும்பப் படித்தேன். ஆமாம், கோபம்தான், இருக்கட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி


30ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

அதே கால் ஆடுகிற நாற்காலிதான். மாமா உள்ளே தூங்குகிறார் என்று நர்ஸ் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கடை மூடும் வரை இருந்தேன். ஷட்டரை இறக்கிய பிறகும் ஐந்து நிமிஷம் வாசலில் நின்றேன். பிறகு நானே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, உங்களிடமிருந்து ஏதாவது போன் வந்ததா என்று கேட்டேன். இல்லை மேடம் என்றாள். அப்படிக் கேட்க வேண்டியிருந்ததே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாததுபோல, சரி நாம ஆரம்பிக்கலாமா என்றாள்.

முக்கியமாக ஓட்டுபவர்: நான். வண்டி போகும் இடங்கள்: ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கண்ணாடிக் கடை. ஒரு வாரம் மீட்டரைப் பார்த்து காலண்டர் பின்பக்கம் குறித்து வைத்திருந்ததைப் படித்தேன். "இவ்வளவு கம்மியாவா ஓடுது? மொதல்லயே சொல்லக் கூடாதா மேடம்!" என்று அவளே சத்தம் போட்டாள். குறைந்த தூரம் ஓடுகிற வண்டிக்கென்று தனியாக ஒரு வகை இருக்கிறதாம். சின்னச் சின்னச் சேதத்தை நாமே பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டால் இன்னும் குறையுமாம். ஒப்புக்கொண்டேன். உங்கள் பெயருக்குச் சொன்ன விலையைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் கட்ட முடிகிற தொகைதான். சனிக்கிழமை சாயங்காலமும் கடைக்கு வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

ஒன்பதாம் கேள்வியைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். மாமாவிடம் மறைத்து எழுத மனம் வரவில்லை. மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் அவர் எதிரிலேயே படிவத்தை வைத்து, 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன். போட்டுவிட்டு அழுதேன். அவர் தண்ணீர் தம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு அஞ்சரைக்கு அவர் பால்கனிக்குப் போகவில்லை.

இன்று காலை நான் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனபோது, எனக்கு முன்னாலேயே அவர் வண்டிக்கு அருகில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார், அந்தக் கன்றிப்போன முழங்காலோடு. கையில் என் தையல் மெஷின் எண்ணெய். சீட்டுக்கு அடியில் எண்ணெயை விட்டு, அந்தத் துருப்பிடித்த லீவரை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய்ப் பிடிக்கப் போனேன். "நீ உக்காரும்மா, அளவு பாக்கணும்" என்றார். உட்கார்ந்தேன். அவர் பின்னாலிருந்து தள்ளினார். கரகரவென்று நகர்ந்தது. "பிரேக் எட்டுதா?" என்றார். எட்டுகிறது என்றேன். "அழுத்திப் பாரு, நல்லா அழுத்திப் பாரு." அழுத்திக் காட்டினேன். அந்த இரண்டு தலையணைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேலே கொண்டுபோய் உங்கள் கட்டிலில் வைத்துவிட்டு வந்தார்.

எனக்கு முதுகுவலி இன்று இல்லை.

படிவத்தில் 'எப்போதாவது ஓட்டுபவர்' என்று இன்னொரு வரி இருக்கிறது. அதில் ஒன்றும் எழுதவில்லை. வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் ஒரு பெயரைச் சேர்க்கலாம், படிவத்தைத் திரும்ப நிரப்ப வேண்டாம், வீட்டிலிருந்து ஒரு போன் போதும் என்று அந்தப் பெண் சொன்னாள். வீட்டிலிருந்து என்று அழுத்திச் சொன்னாள். அந்த லீவரும் இப்போது லேசாக நகர்கிறது. பின்னால் தள்ள ஒரு விரல் போதும்.

வாருங்கள் என்று இனி எழுத மாட்டேன். வரவில்லை என்றால் அதையாவது மாமாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த நாலு நிமிஷத்தில் சொல்லுங்கள். மழை பெய்ததுகூட ஞாபகம் வைத்திருக்கிற மனுஷர். எங்கே இருந்தாலும் நீங்கள் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இந்த முகவரியில் வசிக்கும்,
உங்கள் மனைவி