துபாயில் ஒன்பதாம் கட்டில்

ஜனவரி 21

பெரியப்பா வீட்டுக் காதுகுத்து. பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "துபாய்ல வெயில் எப்படீங்க தம்பி?"

வறட்டு வெயில், வேர்வையே தெரியாது என்றேன்.

"வேர்த்து ஊத்தும்னு எம் மருமவன் சொன்னானுங்களே."

நான் ஏசி ரூமிலேயே இருந்துவிட்டேன் என்று சொல்லி ரசத்துக்கு மாறினேன்.

நான் துபாயைப் பார்த்ததே இல்லை. முந்தின வருஷம் எட்டு மாதம் கோயமுத்தூரைத் தாண்டி ஒரு மனநல ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒன்பதாம் கட்டில். தூக்கம் போய், சுவரோடு வழக்காட ஆரம்பித்திருந்தேன். அக்கா வீட்டுக்காரர் அர்த்தநாரி மச்சான் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவரே வந்து அழைத்துக்கொண்டும் போனார். நடுவில் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. வந்தால் பஸ்ஸில் யாராவது எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்பார்கள். துபாய்க்கு பஸ் கிடையாது. எல்லோரிடமும் சொல்ல அம்மா யோசித்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 3

மச்சானுக்குப் படம் எடுக்க ஆசை வந்துவிட்டது. அருள்புரத்தில் அவருடைய பனியன் கம்பெனியில்தான் நான் பேக்கிங் பார்க்கிறேன். மண்ணரையில் அவருடைய சாயப்பட்டறை மூடிக் கிடக்கிறது.

"சும்மாதான கெடக்குது மாப்ள. பேய்ப் படம்னா செவுத்துக்குப் பெயின்ட் கூட அடிக்க வேண்டியதில்ல."

எழுதி வைத்திருந்த கதையைக் கொடுத்தேன். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கதை. பேய் உண்டா என்றார். உண்டு என்று பொய் சொன்னேன். கதை எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். எங்கள் குடும்பத்தில் இதற்கு மரியாதை என்று பெயர்.

பிப்ரவரி 11

கதையில் எனக்கு ஒரே ஒரு காட்சிதான் வேண்டும். மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய காகிதம்.

ஞாயிற்றுக்கிழமை. சொந்தக்காரர்கள் பார்க்க வரும் நாள். குளித்து, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்காருவோம். யாரும் வராதவர்களுக்காகப் பதினோராம் கட்டில் பொன்னுச்சாமி ஐயா எழுந்து வெளியே போவார். துண்டை முக்காடாகப் போட்டு, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவார். ஒருவனுக்கு அப்பா. ஒருவனுக்கு மனைவி. எனக்கு அம்மா. காலையில் மிச்சம் பிடித்த பன்னை மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

"எளச்சுப் போயிட்டியே கண்ணு. துபாய்ல சோறு போடறாங்களா இல்லியா?"

அப்போதைக்குச் சிரிப்பு வரும். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தன் கட்டிலுக்குப் போனதும் அழுகை வரும்.

அம்மா இதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பார்த்துவிட்டு என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. இல்லை — பரவாயில்லை என்று எழுதியது பொய்.

மார்ச் 9

பேய் வேண்டும் என்று மச்சான் பிடிவாதம். திருமுருகன்பூண்டி சிற்பக்கூடத்தில் கல்லிலேயே ஒன்று செய்யச் சொன்னார். தலைமுறை தலைமுறையாகச் சாமி செதுக்கிய கை. பல்லும் நாக்கும் வைத்தும் முகம் அம்மன் முகமாகவே வந்து நிற்கிறது. நோயாளிகளாக நடிக்க வந்த நம் தையல்காரர்கள் பேயைக் கண்டதும் அலறி ஓட வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். மதியத்துக்குள் யாரோ பேய்க்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

மார்ச் 10

கேமராமேன் கோபித்துக்கொண்டு போனார். பிரியாணி வந்ததும் திரும்பி வந்தார்.

மார்ச் 24

இன்று என் காட்சி. கம்பெனி வாட்ச்மேன் வெள்ளையன்தான் பொன்னுச்சாமி ஐயா. முக்காடு போட்டு அவர் கதவைத் தட்டியதும் பெஞ்சில் இருந்தவர்கள் நடிப்பதை விட்டுவிட்டார்கள். கட் சொன்ன பிறகும் அயர்னிங் செக்‌ஷன் ஒடிசாக்காரர் வெள்ளையன் கையை விடவில்லை. தன் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். வெள்ளையனும், "ஆமா கண்ணு, ஆமா கண்ணு" என்று கேட்டுக்கொண்டார்.

நன்றாக வந்திருக்கிறது. எனக்கே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 15

எடுத்ததையெல்லாம் மச்சான் போட்டுப் பார்த்தார். என் காட்சி வந்ததும் காபியைக் கீழே வைத்தார். முடியும் வரை குடிக்கவில்லை.

"இதுல பேயே வரல மாப்ள. வெட்டிப் போட்ரு."

வெட்டிப் போடறதாமா. அப்பறம் எதுக்கு எடுத்தோம்? யாருக்கு? கார்ல கொண்டு போய் விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்த மனுசன் நீ. உனக்குத் தெரியாதா அது என்னன்னு? தெரிஞ்சுதான வெட்டச் சொல்ற.

இதெல்லாம் மனசுக்குள். நேரில், "சரிங்க மச்சான்" என்றேன். மாத்திரை போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 19

எடிட்டிங்கை என்னிடமிருந்து வாங்கி ஜாப் ஒர்க்காக வெளியாட்களுக்கு விட்டுவிட்டார். இங்கே ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. நூலை ஒருவர் துணியாக்குவார், இன்னொருவர் சாயம் போடுவார், மற்றொருவர் தைப்பார். யாரிடமும் முழு டிசைன் போகாது, போனால் காப்பி அடித்துவிடுவார்கள். அதே பழக்கத்தில் மச்சான் படத்தையும் நாலு லாட்டாகப் பிரித்து நாலு ஊருக்கு அனுப்பியிருக்கிறார். முன்னால் என்ன, பின்னால் என்ன என்று யாருக்கும் தெரியாது. ஒரே உத்தரவு: பேய் இல்லாததை வெட்டு.

மூன்றாவது லாட்டில்தான் என் காட்சி இருக்கிறது. அது பொள்ளாச்சியில் கல்யாண வீடியோ எடுக்கும் மோகன்ராஜுக்குப் போயிருக்கிறது. போகட்டும். செத்ததற்கு யார் மாலை போட்டால் என்ன.

ஜூன் 28

'ஒன்பதாம் கட்டில்' ரிலீஸ். முழுப் படத்தை நானும் மச்சானும் இன்றுதான் முதல்முறை பார்த்தோம்.

முதல் லாட்டில் சுவர் நீலம். இரண்டாவதில் பச்சை. "ஷேடு மாறிப் போச்சு" என்று மச்சான் இருட்டில் முனகினார். இரண்டாவதில் செத்த டாக்டர் மூன்றாவதில் ரவுண்ட்ஸ் வந்தார். திடீரென்று நாதஸ்வரம். மேலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டின. ஞாயிற்றுக்கிழமைக் காட்சி. முழுதாக. ஒவ்வொரு முறை வெள்ளையன் கதவைத் தட்டி வரும்போதும் அவரைச் சுற்றி ஒரு இதய வடிவம். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன், கண் ஈரமாக இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

இடைவேளையில் மோகன்ராஜுக்குப் போன் போட்டேன்.

"வெட்டத்தானுங்க சொன்னாங்க. ஆனா ரிசப்ஷன்ல சொந்தக்காரங்க வர்றத எப்படீங்க வெட்டறது? என்னையக் காணோமேன்னு நாளைக்கு யாராச்சும் சண்டைக்கு வருவாங்க."

தொழில் தர்மம். அவர் நன்றாக இருக்கட்டும்.

ஜூலை 1

தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள். அம்மா போகவில்லை. "பேய்ப் படம் நமக்கெதுக்கு கண்ணு."

நவம்பர் 17

என்ன நடக்கிறது என்று புரியவில்லை. யாரோ அந்தக் காட்சியை வெட்டிப் போனில் போட, அது ஊரெல்லாம் சுற்றி, இப்போது கோயமுத்தூர் தியேட்டர் ஒன்றில் ஞாயிறு காலைதோறும் முழுப் படமும் ஓடுகிறது. காலேஜ் பிள்ளைகள் ரோஜா இதழும் பன்னுமாக வருகிறார்கள். வெள்ளையன் கதவைத் தட்டும்போது எல்லோரும் சேர்ந்து, "எளச்சுப் போயிட்டியே கண்ணு" என்கிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்குப் பன் கொடுக்கிறார்கள், முன்பின் தெரியாதவராக இருந்தாலும்.

ஒரு பத்திரிகை, கதையைத் தகர்த்த படம் என்று எழுதியிருக்கிறது. தகர்த்ததற்குக் கேஸ் வருமா என்று மச்சான் கேட்டார்.

படம் முடிந்து கலந்துரையாடல். ஒரு பெண் எழுந்து, "அந்த ஞாயிற்றுக்கிழமைக் காட்சியை எப்படி சார் கற்பனை பண்ணீங்க?" என்றாள். மைக் கையில் இருந்தது. முன்வரிசையில் மச்சான்.

"துபாயில் இருந்தபோது தோன்றியது" என்றேன். கைதட்டினார்கள். வெட்கமாக இருந்தது. அம்மா சொன்ன பொய்யை இப்போது நானே மைக்கில் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

டிசம்பர் 11

அம்மா பார்த்துவிட்டாள். அக்காவின் போனில், அந்தக் காட்சியை. நான் வேலை முடிந்து போனபோது அடுப்பு பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பெரியவரு நெசமாலுமே இருந்தாரா?"

"ஆமாம்மா."

"வாரா வாரமா?"

"ஆமா."

"என்னையாட்டவே பேசுனாரா?"

"உன்னைய விட நல்லாப் பேசுவாரு."

ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ப் பருப்பை ஊறப்போட்டாள். எதற்கு என்று கேட்டேன். ஒப்புட்டு என்றாள். பண்டிகைக்குத்தான் எங்கள் வீட்டில் அந்தப் போளி. இன்றைக்கு என்ன நோம்பி என்றேன். வெல்லத்தைத் தட்டினாள். தட்டில் வைத்ததைத் தின்றேன்.

டிசம்பர் 15

ஞாயிறு. காலையில் அம்மா மறுபடி ஒப்புட்டுச் சுட்டுத் தூக்குப்போசியில் வைத்துக்கொண்டு, "கெளம்பு" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் அக்கா. "ஏனுங்க, அம்மாளும் பையனும் எங்க பொறப்பட்டாச்சு?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் எட்டு மாதம் யாரும் வரவில்லை. நான் ஏதாவது கோயில் பெயர் சொல்ல வாயெடுத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குங்க" என்றாள் அம்மா. "இவன் மனசு சரியில்லாம எட்டு மாசம் இருந்தானுங்க, அங்க."

"துபாய்லன்னு..."

"நான்தானுங்க அப்படிச் சொன்னேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் தூக்குப்போசியை மடியிலேயே வைத்திருந்தாள்.

அதே பெஞ்ச். சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டு, பொன்னுச்சாமி ஐயா. என்னைப் பார்த்ததும் துண்டைத் தேடினார். பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்துக் கை நின்றுவிட்டது.

"கண்ணு, இவங்க யாரு? உங்கம்மா நானல்லோ?"

அம்மாதான் சொன்னாள்.

"நீங்கதானுங்க. நான் இன்னைக்குத்தான் துபாய்ல இருந்து வந்தேன்."

ஐயா பெஞ்சில் நகர்ந்து அம்மாவுக்கு இடம் விட்டார்.

"அங்க வெயில் எப்படீங்க?"

"தாங்க முடியலீங்க" என்று அம்மா உட்கார்ந்தாள்.