ரோலரும் அம்மாவும் சமமா?

யட்டியாந்தோட்டை, 6 ஜூலை 2008

சிற்றிதழ் வந்துவிட்டது. பொருள்களைப் பற்றிய புதிய மெய்யியல் இயக்கத்தை அறிமுகப்படுத்தி நான் எழுதியது நடுப்பக்கத்தில். மனிதர் பார்க்காவிட்டாலும் ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென ஓர் இருப்பு உண்டு; இருப்பதில் கல்லும் மரமும் மனிதரும் சமம் என்கிறார்கள். உயர்தர வகுப்பில் வருடக்கணக்காக ஒரே தர்க்கப் பாடத்தைப் படிப்பிக்கிற எனக்கு, புதுக்காற்று!

13 ஜூலை

வாசகர் வட்டக் கூட்டம். அண்ணன் உதயராஜ் வந்தது சந்தோஷமாக இருந்தது, எழுந்து பேசும்வரை. இறப்பர் பெக்டரியில் அவர்தான் தொழிற்சங்கத் தலைவர்; அம்மாவும் அங்கேதான் இறப்பர் ஷீட் உருட்டும் ரோலரில் வேலை செய்தார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"அம்மாவோட மூணு வெரல நசுக்குன ரோலரும் அம்மாவும் சமமா? தோட்டத்து தொரைமாரு நம்மள சாமானாத்தான் நெனைச்சாங்க. நீயும் அதையே படிச்ச பாஷையில சொல்ற."

யாரும் என்னைப் பார்க்கவில்லை.

14 ஜூலை

அண்ணனுக்கு ஒன்னும் வெளங்கல. மொதல்ல கட்டுரைய வாசிச்சாரா?

19 ஜூலை

கட்டுரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன்; அண்ணன் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். 'சமம்' என்று எழுதிவிட்டு நான்தான் நழுவியிருக்கிறேன். யார் பொறுப்பு என்ற கேள்வியே கட்டுரையில் இல்லை.

ஆனால் முழுக்கத் தவறா? ரோலரை வெறும் ஏவலாளாக நினைத்தவர்கள்தானே பாதுகாப்பு மூடி கழன்ற பிறகும் ஓட்டச் சொன்னார்கள்? அதற்கென்று ஒரு பலம் உண்டு என்று ஒத்துக்கொண்டிருந்தால் —

10 ஓகஸ்ட்

கூட்டத்தில் பதில் சொன்னேன். அண்ணன் சொன்னதில் பாதி சரி என்றே தொடங்கினேன். இருப்பதில் சமம் என்றால் குற்றத்தில் சமம் அல்ல. ரோலர் யார் உத்தரவுக்கும் அடங்காது; கேள்வி கேட்க வேண்டியது அதை ஓட்டச் சொன்னவரை. ஒரு பொருளை மதிப்பதால் மனிதர் தாழ்ந்துபோவதில்லை என்றேன்.

"சரி. மூடியில்லாத ரோலர் இன்னும் ரெண்டு ஓடுது. உன் தத்துவம் என்ன செய்யும்?"

"ஒன்னும் செய்யாதுண்ணே. நாமதான் செய்யணும்."

அண்ணன் சிரித்த மாதிரி இருந்தது.

2 செப்டெம்பர்

மூடி போடும்வரை ரோலரைத் தொடமாட்டோம் என்று பெக்டரிப் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்துவிட்டார்களாம். அண்ணனும் அவர்களோடு.

21 செப்டெம்பர்

இரண்டுக்கும் மூடி போட்டாயிற்று. அண்ணன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மெஷினுக்கு உங்க உத்தரவு வெளங்காது என்று என் பேச்சையே எடுத்து அண்ணன் தொரையிடம் சொன்னாராம்; அம்மாதான் போட்டுக்கொடுத்தார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உன் கட்சியில நான் சேரல்ல. கல்லும் மனுசனும் சமம்ங்கிறத இன்னும் ஒத்துக்கல்ல," என்றார். பிறகு, "அடுத்தத எழுதினா எனக்கு முதல்ல காட்டு."

சோற்றுக்கு உட்கார்ந்தும் வாதம் ஓயவில்லை. கடைசியில் அம்மா இரண்டு பேரையும் சாப்பிடச் சொல்லி அதட்டினார்.