மூணாம் வண்டியின் பின்கதவு

நவம்பர் 12, புதன்

ஐந்தாவது பின்கதவு இன்று முடிந்தது. இன்னும் ஒன்றுதான். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது. குண்டு துளைக்காத இரும்பாம். வெல்டிங் வைக்கிறவள் எலும்பை மட்டும் நன்றாகத் துளைக்கிறது.

மொத்தம் ஆறு வண்டி. நாலு சக்கரம், லாரி உயரம், உள்ளே எதிரும் புதிருமாகப் பத்துப் பேர் உட்கார பெஞ்சு. டவுனுக்குள் குண்டு, கலவரம் என்றால் துணை ராணுவத்துக்காரர்களைச் சந்து வரைக்கும் கொண்டுபோய் இறக்கும் வண்டி. ஏறுவதும் இறங்குவதும் பின்கதவு வழியாகத்தான். அந்தக் கதவின் கீலுக்கு வெல்டு வைப்பது நான். பாப்பிரெட்டிப்பட்டியில் சொன்னால், "ஓ, கேட்டு வெல்டிங்கா?" என்கிறார்கள். ஆமாங்க, கேட்டுதான், போங்க.

இன்ஸ்பெக்ஷன் சந்திரமோகன் சார் மெஷின் வைத்துப் பார்த்து ஓகே சொன்னதும், கதவின் உட்பக்கம் சாக்பீசால் சின்னதாக ஒரு சிலுவை போடுவேன். மாதாவே, இதுக்குள்ள உக்கார்றவங்களப் பாத்துக்க, அவ்வளவுதான் வேண்டுதல். இப்போது கம்பெனியில் அதுவே முத்திரை ஆகிவிட்டது. சிலுவை இருந்தால் கதவு பெயிண்ட்டுக்குப் போகும். பெயிண்டர் மாதண்ணன் அதைத் துடைக்கவும் மாட்டார். "சாமி குறியத் துணி வச்சுத் தேய்க்கச் சொல்றியாம்மா? மேலயே அடிச்சுடறேன், போ." இன்று அவரும் தரையில் ஒரு சிலுவை போட்டுக் காட்டினார். நாலு கையும் ஒரே அளவு.

"அண்ணா, கீழ்க்கோடு நீளமா இருக்கணும். இது கணக்குல வர்ற பிளஸ்ஸு."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. சாமிக்குத் தெரியாதா?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நவம்பர் 14, வெள்ளி

லீவு. பாப்பாவுக்குக் காய்ச்சல். நேற்றே ஆறாவது கதவை முடித்துவிட்டேன். சார் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

நவம்பர் 17, திங்கள்

ஆறாவது கதவு பெயிண்ட் ஆகி நிற்கிறது! நான் சிலுவை போடவே இல்லையே. சார் ஓகே சொல்லியிருப்பார். கேட்கலாம் என்றால் அவர் சென்னைக்குப் போய்விட்டாராம், பத்து நாள் ஆகுமாம். சரி, வேலை முடிந்தது, நல்லதுதான்.

நவம்பர் 26, புதன்

வண்டிகளை எடுத்துப்போக டிரைவர்கள் வந்துவிட்டார்கள். ஆறு பேரில் ஒருவர் நம்ம பக்கம், மாதவராஜ். தீர்த்தமலை அடிவாரம். முப்பது வயது இருக்கும். மூணாம் வண்டி அவருக்கு. வந்ததும் எஞ்சினைப் பார்க்கவில்லை, பின்கதவைத்தான் ஐந்தாறு தடவை திறந்து மூடினார்.

"இது நீங்க வச்ச வெல்டாக்கா? எங்க பழைய வண்டில போன வருசம் பின்கதவு கீலோட பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. கதவோரமா உக்காந்திருந்தவரு எங்கூடத்தான் தினம் சாப்பிடுவாரு." சொல்லிக்கொண்டே கீலை விரலால் தடவினார்.

"இது போவாது தம்பி" என்றேன். பெரிய இவள் மாதிரி.

நவம்பர் 28, வெள்ளி

எழுதியே ஆகணும்.

சென்னையிலிருந்து வந்த சார் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "பதினாலாந் தேதி ஒரு பின்கதவ ரிஜெக்ட் பண்ணனே, திரும்ப வெல்டு வச்சிட்டியாம்மா?"

"எந்தக் கதவு சார்?"

"ஆறாவது. கீலுக்குள்ள பொத்தல் இருந்துச்சே. இன்ட்டு போட்டு வச்சிருந்தனே."

நான் செய்தது ஆறே கதவு. ஆறு வண்டியிலும் ஆறு கதவு மாட்டியிருக்கிறது. அப்படியென்றால் அந்தப் பொத்தல் கதவும் ஏதோ ஒரு வண்டியில் தொங்குகிறது. எந்த வண்டியில்? பெயிண்ட் அடித்தபிறகு எல்லாம் ஒரே பச்சை. பெயிண்டுக்குப் பிறகுதான் நம்பர் குத்துவார்கள். அதனால் எது ஆறாவது என்று ஒருத்தருக்கும் தெரியாது.

பதினேழாம் தேதி ஒரு வார்த்தை, ஒரே ஒரு போன்! கேட்டிருக்கலாமே நான். என்ன கேடு எனக்கு?

நவம்பர் 29, சனி

மாதண்ணனைப் பிடித்து உலுக்கினேன். "சிலுவை இருந்துச்சும்மா, சத்தியமா. செயின்ல ஒரு மூலையப் புடிச்சுத் தூக்கியிருந்தாங்க, கோணலாத் தொங்கிட்டிருந்துச்சு. வெள்ளையா சிலுவை தெரிஞ்சுது. நீதான் போட்டுட்டுப் போயிருக்கேன்னு அடிச்சுட்டேன்."

ரிஜெக்ட் ஆன கதவுக்கு சார் போடும் இன்ட்டு எப்போதும் மஞ்சள் சாக்பீஸ். அன்றைக்கு மஞ்சள் தீர்ந்துபோய், என் டப்பாவிலிருந்து வெள்ளையை எடுத்திருக்கிறார். கதவு கோணலாகத் தொங்கியதில் இன்ட்டு நிமிர்ந்து பிளஸ் ஆகிவிட்டது. பிளஸ் மாதண்ணன் கண்ணுக்குச் சிலுவை ஆகிவிட்டது. யாரை நோவது? சிலுவை போட்டுப் பழக்கினவள் நான்தானே.

சாரிடம் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "மேல சொன்னா ஆறு கதவையும் கழட்டி, பெயிண்ட்ட சொரண்டி, மெஷின் வைக்கணும். செவ்வாக்கிழம டெலிவரி. எனக்கு ரெண்டு வருசத்துல ரிட்டயர்மெண்டு. நீ கான்ட்ராக்ட்டு. சின்னப் பொத்தல்தாம்மா. வண்டி ஓடறதுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஓடறதுக்கா சார் அந்த வண்டி? அடி வாங்கறதுக்கு சார்!"

கத்திவிட்டேன். வெளியே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு

திருவருகைக்காலம் முதல் ஞாயிறு, கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. பூசையில் சாமியார் என்ன சொன்னார் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. கண்ணை மூடினால் கீல்.

மரவள்ளிக் காட்டிலிருந்து வந்த வீட்டுக்காரர் மரிய ஆனந்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "உன்மேல தப்பில்ல, புள்ள. நோட்டுல எழுதுனவரு அவரு. உன் வேலை போனா வூட்டு நெலம என்னான்னு உனக்கே தெரியும்." தட்டை நகர்த்திவிட்டு, "அந்த தீர்த்தமலை ஆளு மூஞ்சியப் பாத்துட்டியே, அதான் வெனை" என்றார்.

கோபம் வந்தது. ஆறு வண்டி பெஞ்சிலும் உட்காரப்போகிற, நான் மூஞ்சியே பார்க்காத அறுபது பேர்?

டிசம்பர் 1, திங்கள்

பஸ்ஸில் வரும்போது திடீரென்று உறைத்தது. மாதண்ணன் குறியைத் துடைக்க மாட்டாரே! சாக்பீஸ் மேலேயே பெயிண்ட் அடித்திருந்தால் கோடு லேசாகப் புடைத்துக்கொண்டு இருக்கணும். நான் சிலுவை போட்டது ஐந்து கதவில். கீழ்க்கோடு நீளம். ஆறாவதில் இருப்பது இன்ட்டு. கதவு நேராக மாட்டியிருந்தால் இன்ட்டு இன்ட்டாகவேதான் தெரியும்.

சாப்பாட்டு வேளையில் கண்ணாடி துடைக்கிற சாக்கில் துணியோடு முதல் வண்டிக்குள் ஏறினேன். செல்போன் டார்ச்சைக் கதவோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். தெரிந்தது. நீளக் கீழ்க்கோடு. என்னுடையது. இரண்டாம் வண்டி, அதுவும் என்னுடையது.

மூன்றாவது.

இன்ட்டு.

அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். கதவோர இடம். எழுந்து மீதி மூன்றையும் பார்த்தேன், தப்பாகப் பார்த்திருக்கக் கூடாதா என்று. மூன்றும் என் சிலுவைதான்.

சாரிடம் சொன்னேன், ஒரே கதவுதான், ஒரே நாள் வேலைதான் என்று. அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "பேப்பர்ல கையெழுத்தாயிடுச்சும்மா. நாளைக்குப் பத்து மணிக்கு வண்டிக்குப் பூசை."

டிசம்பர் 2, செவ்வாய்

போட்டுவிட்டேன்.

ஆறு வண்டிக்கும் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். வடக்கத்தி அதிகாரிகள் மூன்று பேர், எங்கள் முதலாளி, போட்டோக்காரர். மாதவராஜ் மூணாம் வண்டியில் ஏறக் காத்திருந்தார், நெற்றியில் குங்குமத்தோடு. என் பையில் புது மஞ்சள் சாக்பீஸ். காலையில் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வாங்கினது. கால் தானாகத்தான் நடந்தது. மூணாம் வண்டியின் பின்கதவில், மூலைக்கு மூலை, பெரிசாக ஒரு இன்ட்டு.

ஒரு அதிகாரி இந்தியில் ஏதோ கேட்டார். மாதவராஜ் என்னிடம் வந்தார். "இது என்னா குறின்னு கேக்கறாருக்கா."

"இந்தக் கதவு வேணாம்னு அர்த்தம் தம்பி. கீல்ல வெல்டு சரியில்ல. வெல்டு வச்சது நான்தான்."

அவர் மூஞ்சியை நான் பார்க்கவில்லை. முதலாளி என் பக்கம் வந்தார். அப்போது பின்னாலிருந்து சந்திரமோகன் சார் குரல். அழுகிற குரலா, கமறலா, தெரியவில்லை. "ஆமா சார். நான் ரிஜெக்ட் பண்ண கதவுதான். நோட்டுல இருக்கு சார்." நோட்டைக் கையிலேயே வைத்திருந்தார், பாவி மனுஷன். காலையிலிருந்தே வைத்திருந்தாரோ என்னவோ.

டிசம்பர் 4, வியாழன்

மெஷினில் தெரிந்தது, புளியங்கொட்டை அளவு பொத்தல். கதவு முழுக்கப் பழைய பெயிண்ட்டைச் சுரண்டி, பொத்தலை அறுத்தெடுத்துப் புதிதாக வெல்டு வைத்தேன். அதிகாரி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் வைத்தார்கள். ஓகே.

மாதண்ணன் சாக்பீசை நீட்டினார். "போடும்மா."

"வேணாண்ணா. இனிமே எந்தக் குறியும் நான் போட மாட்டேன்." மார்க்கரால் ஓகே என்று எழுதி, என் பேர், தேதி. அவருக்கு மனசே ஆகவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

டிசம்பர் 8, திங்கள்

ஆறு வண்டியும் போய்விட்டன. மாதவராஜ் கேட்டைத் தாண்டும்போது ஒரு தடவை ஆரன் அடித்தார்.

டிசம்பர் 31, புதன்

கான்ட்ராக்ட் நீட்டிக்கவில்லை. ஆள் தேவையில்லையாம். எதிர்பார்த்ததுதான், ஆனாலும் பஸ்ஸில் அழுதேன்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு நேராக வேலைக்கு வந்துவிட்டேன். இப்போது பாப்பிரெட்டிப்பட்டி கடைவீதியில் ஒரு பட்டறை. கேட்டு, ஜன்னல் கம்பி. நிஜமாகவே கேட்டு வெல்டிங்தான்.

பதினோரு மணிக்கு மாதவராஜிடமிருந்து ஒரு போட்டோ, கூடவே குரல் மெசேஜ். நாலு தடவை கேட்டேன்.

"அக்கா, முந்தாநேத்து டவுனுக்குள்ள திரும்பறப்ப பின்னாலருந்து குண்டு எறிஞ்சுட்டானுங்க. கதவு உள்வாங்கிருச்சு, ஆனா கீலு அசையல. உள்ள பத்துப் பேருக்கா. காது மட்டும் ரெண்டு நாளா அடைச்சுக் கெடக்குது. வேற ஒண்ணுமில்ல. பத்துப் பேரும் சாப்ட்டுட்டோம்."

போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். கதவின் உட்பக்கம். நான் வைத்த வெல்டு, கோடு கலையாமல். நடுவில் பெயிண்ட் பெயர்ந்து விழுந்த இடத்தில் வெள்ளைச் சாக்பீஸ் கோடுகள். நான்தான் குறி போடவில்லையே! நாலு கையும் ஒரே அளவில், கணக்கு பிளஸ் மாதிரி ஒரு சிலுவை.

பட்டறை என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன். சாம்பல் கண்ணுக்குள் இறங்கிவிட்டது.

சாயங்காலம் மாதண்ணனுக்குப் போன் போடணும். எத்தனை தடவை சொல்வது, கீழ்க்கோடு நீளமாக இருக்கணும் என்று.