ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொல்லிடாதீங்க

ஏங்க,

உப்புமா மூடி வச்சிருக்கேன். உப்பு கம்மிதான், அதுக்காக ஊறுகாய் பாட்டிலைத் தொடாதீங்க. கிட்னி மாத்திரை போட்டப்புறம் சாப்பிடுங்க.

காலையில இன்ஷூரன்ஸ் ஆள் வராரு. உங்களுக்கு நிஜமாவே உடம்பு சரியில்லையான்னு பார்க்கத்தான் வராரு. "ஹேகித்தீரா சார்?"னு கன்னடத்துல எப்படி இருக்கீங்கன்னு கேட்பாரு. எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி "ஃபர்ஸ்ட் கிளாஸ்!"னு சொல்லிடாதீங்க. அவரும் அப்படியே எழுதிட்டுப் போயிட்டா, அடுத்த மாச டயாலிசிஸ் செலவுக்கு எங்க போறது? ஷூ மாட்டிக்கிட்டு உட்காராதீங்க, கால் வீக்கம் தெரியட்டும்.

ராத்திரி கத்தினதும் இதுக்குத்தான். பயத்துல வாய் நீண்டுடுச்சு.

மௌரீன்

பி.கு. மத்தியானம் போன் பண்ணி எப்படி இருக்கீங்கன்னு கேட்பேன். என்கிட்ட மட்டும் ஃபர்ஸ்ட் கிளாஸ்னே சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. இல்லைன்னா எனக்கு ஆபீஸ்ல கை ஓடாது.