வெள்ளம் ஒழிச்ச வண்டி

தாழக்குடி,
மலையாள ஆண்டு 1131 ஐப்பசி, புதன்கிழமை

அன்பு மகன் குலசேகரனுக்கு அம்மை எழுதுவது. இங்கு யாவரும் சுகம் என்றுதான் எப்போதும் முதல் வரி எழுதுவேன், கையும் அந்த வழியாகத்தான் போகிறது, ஆனால் இன்றைக்கு அந்த வரியை எழுதாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். உன் அப்பாவும் உன் தங்கை அழகியநாயகியும் சாயங்காலம் வீடு வந்து சேரட்டும், பிறகு எழுதுகிறேன். நீ சுகம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், ஓரத்தில் பொடி எழுத்தில் சளி என்றும் எழுதியிருந்தாய், சளி என்று எழுதுகிறவன் மருந்து என்ன சாப்பிட்டேன் என்றும் எழுத வேண்டாமா. கடல் தாண்டி அந்த ஈப்போவில் மழை விடுவதே இல்லை என்கிறாய், தலையைத் துவட்டாமல் வேலைக்கு ஓடுவாய் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலும் அப்படித்தான் பள்ளிக்கூடம் போவாய். சுக்கும் மிளகும் அங்கே கிடைக்காமலா இருக்கும்.

இன்று விடிகிற நேரத்தில் உன் அப்பாவும் ராஜையனும் ஜீப்பை எடுத்துக்கொண்டு குலசேகரம் ஊருக்கு மேலே, நம் மருமகன் சுயம்புலிங்கம் கணக்கெழுதுகிற ரப்பர் எஸ்டேட்டுக்குப் போயிருக்கிறார்கள், அழகியநாயகியைப் பிரசவத்துக்கு அழைத்து வர. நிறைமாதம். நேற்றெல்லாம் மழை, இன்றைக்கும் மலைப் பக்கம் கறுத்துத்தான் கிடக்கிறது. நானும் வருகிறேன் என்று புடவை மாற்றி நின்றேன், வண்டிக்கடி வில்லுப்பட்டை எடை தாங்காது நீ இரு என்று உன் அப்பா சொல்லிவிட்டார். இத்தனை நாளும் எடைக்கு என்னை அந்த வண்டியில் தூக்கி வைத்தவர் அவர்தான், காரியம் என்று வரும்போது நான் பாரமாகிவிட்டேன். சோறு வடித்தாகிவிட்டது, வெந்நீர் அண்டாவில் கிடக்கிறது, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து கால் வலிக்கிறது, அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன், உன்மேல் பாசம் பொங்கி என்று நினைத்துக்கொள்ளாதே.

பட்டாளத்தார் கழித்துப் போட்ட ஓட்டை வண்டியை முற்றத்தில் கொண்டு நிறுத்த அப்பாவுக்கு என்ன பைத்தியம் என்று நீ கேட்டிருந்தாய். போன பிரசவத்தின்போது மாட்டு வண்டிச் சக்கரம் அந்த மலைப்பாதையில் பள்ளத்தில் இறங்கியதும், பிள்ளை உயிரில்லாமல் பிறந்ததும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. இந்தத் தடவை உண்டாகியிருக்கிறாள் என்று கேட்டு நாங்கள் பலகாரத்தோடு பார்க்கப் போனபோது அவள் உன் அப்பாவிடம், மாட்டு வண்டியில் இனி நான் ஏற மாட்டேன், இங்கேயே கிடந்து சாவேனே தவிர ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது அழக்கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எஸ்டேட் லாரி வண்டியைவிட மோசமாகக் குலுக்கும், வாடகைக் கார்க்காரன் எவனும் அந்தப் பாதைக்கு வர மாட்டான். திரும்பி வரும் வழியில் ஒரு மர வியாபாரியின் பலா மரத்தடியில் இந்த ஜீப் கிடந்தது, இருக்கையில் கோழி அடைகாத்துக் கொண்டிருந்தது. உன் அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கோழியை இறக்கிவிட்டு அதை வாங்கிக் கட்டி இழுத்துக் கொண்டுவந்தார்கள்.

ராஜையன் யாரென்று உனக்குத் தெரியாதே. களியக்காவிளைப் பக்கத்துக்காரன், சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் இதே மாதிரி வண்டியை ஓட்டியவன், இப்போது வடசேரியில் லாரி பழுது பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெள்ளை வேட்டியோடு நேராக இங்கே வந்துவிடுவான், போகும்போது அந்த வேட்டியைப் பார்த்தால் அவன் பெண்டாட்டியை நினைத்து எனக்குப் பாவமாக இருக்கும். நல்லவன், ஆனால் பாதிப் பேச்சு மலையாளம். அவன் சொன்னது நமக்குப் புரிந்ததா என்று கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது, புரியவில்லை என்று சொல்கிற பழக்கம் உன் அப்பாவுக்குக் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்தால் எப்படி இருக்கும் பார்த்துக்கொள்.

புதுச் சாமான் எதுவும் வாங்க நம்மால் முடியாது, அதனால் வீட்டில் இருந்ததெல்லாம் வண்டிக்குள் போனது. பின்பக்கத்து இரும்பு இருக்கைகளைக் கழற்றி எறிந்து, பழைய வண்டி அச்சை வெட்டி வைத்துப் பின்னால் ஒரு முழம் நீட்டினார்கள், ஆள் படுக்க வேண்டுமே. கயிற்றுக் கட்டிலின் கால்களை அறுத்து, லாரி டியூபை வார் வாராகக் கிழித்து, கட்டிலை வண்டிக்குள் அந்த வாரில் தொங்கவிட்டார். பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டில் கட்டலாமா, ஒரு தடவை பட்டது போதாதா என்று சண்டை போட்டேன். தொட்டில் உன் மகளுக்கு, அவ பொறந்து இருவது வருசத்துக்கு மேல ஆச்சு, வாயை மூடு என்றார். சரி, தொட்டில் போகட்டும் என்று விட்டேன். ஆனால் அவள் ஏற மாட்டேன் என்ற பழைய மாட்டு வண்டியின் கூண்டையே மேலே கூரையாக வைத்துக் கட்டினாரே, அதை மட்டும் நான் விடவில்லை. அவர் வயலுக்குப் போயிருந்த நேரம் அந்தக் கூண்டைப் பிய்த்து அடுப்பில் வைத்துவிட்டேன். வந்து பார்த்தார், அதில் காய்ந்த வெந்நீரிலேயே குளித்துவிட்டுப் போனார். பிறகு கூரைக்குக் குளச்சலில் இருந்து பழைய பாய்மரத் துணி வந்தது. ஒரே மீன் நாற்றம், வயிற்றுப் பிள்ளைக்காரி இதற்கடியில் படுத்தால் குடல் வெளியே வந்துவிடும் என்று வேப்பிலை போட்டு அண்டாவில் அவித்து, கஞ்சி போட்டு உலர்த்தினேன். இப்போது வேப்பிலையும் மீனும் சேர்ந்து நாறுகிறது.

குலுக்கல் எவ்வளவு என்று பார்க்க ஒரு செம்புக் குடம் நிறையத் தண்ணீரைக் கட்டிலில் வைத்து, பக்கத்தில் என்னையும் உட்கார வைத்துக் குளத்தங்கரைப் பாதையில் ஓட்டுவார். முதல் தடவை குடத்தில் ஒரு சொட்டு மிஞ்சவில்லை, அத்தனையும் என் மடியில். அந்தக் கோலத்தோடு நான் தெரு வழியே நடந்து வந்ததை ஊரே பார்த்தது. குலுக்கல் குறைய வில்லில் ஒரு பட்டையை எடுத்தார்கள், மறுபடி குடம், மறுபடி நான். ராஜையன் இதற்குமேல் எடுத்தால் வண்டி பாரத்தில் அமுங்கி இருந்துபோகும் என்று சண்டை பிடித்தான், இவர் கேட்கவில்லை. கடைசியில் குடத்துத் தண்ணீர் தளும்பியது, கொட்டவில்லை. உன் அப்பா குடத்துக்குள் விரலை விட்டுத் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அப்போது போய்விட்டது, அதை அவரிடம் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே.

புரட்டாசியிலேயே அவளைக் கூட்டி வந்திருக்க வேண்டியது. அப்போது ராஜையன் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று ஊருக்குப் போனான். போகும்போது வாசலில் நின்று, அண்ணாச்சி, வண்டி எடுக்கதுக்கு முன்ன வெள்ளம் ஒழிச்சிட்டு எடுக்கணும், மறந்திராதீங்க என்று சொல்லிவிட்டுப் போனான். வெள்ளம் என்றால் தண்ணீர் என்பது நமக்குத் தெரியும். ஒழிப்பது என்றால் நமக்கு என்ன, பாத்திரத்தை ஒழித்துப் போடு என்றால் காலி பண்ணிக் கவிழ்ப்பதுதானே. மலை ஏற வேண்டிய வண்டி, உள்ளே எதற்கு வீண் பாரம் என்று உன் அப்பாவும் அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டார். எஞ்சின் சூடாகாமல் வைக்கிற தண்ணீர்த் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தார், நானே வாளியைப் பிடித்தேன், துருப்பிடித்த சிவப்புத் தண்ணீர், அதைத் தென்னை மூட்டில் ஊற்றினேன். ஒரு சொட்டு பாக்கி இல்லாமல் ஒழித்தாச்சு என்று திருநீறு பூசிக்கொண்டு புறப்பட்டார். வடசேரிச் சந்தை வரைதான் போனது. காய்கறி வாங்க வந்த அத்தனை பேர் நடுவிலும் புகை கக்கி நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர் இல்லை என்று யாரோ சொல்லப் பதறி, கொதிக்கிற எஞ்சினுக்குள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார், எஞ்சினின் தலை வெடித்துவிட்டது. எந்த மாட்டு வண்டி வேண்டாம் என்று இத்தனை பாடுபட்டாரோ, அந்த மாட்டு வண்டியில் கட்டித்தான் ஜீப் வீட்டுக்கு வந்தது.

ராஜையன் திரும்பி வந்து பார்த்துத் தலையில் கை வைத்தான். நான் ஒழிக்கத்தானே சொன்னேன் என்கிறான் அவன், ஒழிச்சதுனாலதானே இந்தக் கதி என்கிறார் இவர். ஒழிச்சியளா என்கிறான், ஒழிச்சாச்சு வே என்கிறார். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லி அடித்துக்கொள்ளாத குறை. கடைசியில் அவன் பக்கத்தில் கிடந்த செம்பை எடுத்து முற்றத்தில் தண்ணீரை ஊற்றிக் காட்டி, இதாக்கும் ஒழிக்கது என்றான். அவன் மலையாளத்தில் ஒழிப்பது என்றால் ஊற்றுவதாம். நம் தாலுகாக்கள் மெட்ராஸோடு சேருமா மலையாளத்தோடு கிடக்குமா என்று பேப்பர் முழுக்க அதுதான், ஊரில் இரண்டு பேர் கூடினால் அதே பேச்சு, நம் வீட்டு எல்லைத் தகராறு இந்த ஒரு சொல்லில் வந்து விடிந்தது. பாவம், அவன் திருவனந்தபுரத்தில் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கி வேறொரு செத்த ஜீப்பின் தலையைக் கொண்டுவந்து பொருத்தினான். அப்பா கேட்டு எழுதியதற்கு நீ பார்சலில் அனுப்பிய எஞ்சின் விசிறி பெல்ட்டும் அப்போதுதான் வந்தது, அளவு சரியாக இருந்தது, உன் அப்பா அதை வாசலில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். ஆனால் அதற்குள் புரட்டாசி போய் ஐப்பசி மழை வந்துவிட்டது. வாளியைப் பிடித்தது என் கைதானே என்று எனக்கு நினைக்க நினைக்க ஆறவில்லை, இன்றைக்கு அவளுக்கு ஏதாவது ஆனால் ஒரு சொல்லால் ஆனது என்று யாரிடம் போய்ச் சொல்வேன்.

இந்த இடத்தில் எழுந்து போய்விட்டேன். மத்தியானம் தாண்டிவிட்டது. வயலில் கும்பப்பூ நெல் நடவு நடக்கிறது, நடுகிற பெண்களுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பினேன், உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. மழை வலுத்துப் பெய்கிறது. எங்கே எஞ்சின் சத்தம் கேட்டாலும் ஓடுகிறேன், இரண்டு தடவை பஸ், ஒரு தடவை மில்லுக்கு வந்த லாரி. பாதையில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் தேங்காய்நார்க் கயிறு சுற்றியிருக்கிறார்கள், அது அறுந்திருக்குமோ. மேலே போய்ச் சேர்ந்தார்களா இல்லையா, அவள் ஏறினாளா இல்லையா, ஒன்றும் தெரியாது. நீ இருக்கிற ஊரில் சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, எல்லாம் சரி, இந்த மாதிரி நேரத்தில் வாசலில் என்னோடு நிற்க ஆள் இல்லையே மக்கா. குறை சொல்லவில்லை. நினைத்ததை எழுதினேன். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து வைத்தாயிற்று. இனி எழுத முடியவில்லை, வாசலுக்குப் போகிறேன்.

குலசேகரா, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டி வந்துவிட்டது. வண்டியெல்லாம் சேறு, முன்னால் ஆவி பறக்கிறது, உன் அப்பா இறங்கி ஒன்றும் பேசாமல் நிற்கிறார், ராஜையனும் பேசவில்லை. ஆரத்தித் தட்டோடு ஓடினேன். அழகியநாயகி இறங்கவில்லை. பாய்த்துணியை விலக்கிப் பார்த்தால் கட்டிலில் கிடக்கிறாள், போர்வைக்கு வெளியே பாதம் இரண்டும் அசையவில்லை. எம் மவளே என்று நான் போட்ட சத்தத்தில் நாலு வீட்டு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவள் கண்ணைத் திறந்து, எதுக்கும்மா இப்படிச் சத்தம் போடுதே, தூங்கவிட மாட்டியா என்கிறாள். மலை அடிவாரத்தில் கண்ணை மூடியவளாம். குலசேகரமும் தக்கலையும் நாகர்கோவிலும் தாண்டியது ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டே வந்திருக்கிறாள். அவள் முழித்துவிடக் கூடாது என்றுதான் இந்த இரண்டு ஆம்பிளைகளும் வாசலில் ஊமை மாதிரி நின்றிருக்கிறார்கள், ஒரு கையைக் காட்டிச் சொல்லத் தெரியவில்லை. அழுதேன், ஏசினேன், எல்லாம் ஒன்றாக வந்தது. அவளுக்குச் சுற்றிய ஆரத்தியை வண்டிக்கும் ஒரு சுற்றுச் சுற்றி முன் சக்கரத்தில் விட்டேன். அப்போது ராஜையன், அம்மே, சூடு ஆறட்டும், பொறவு கொஞ்சம் வெள்ளம் ஒழிக்கணும் என்றான். ஊற்றவா கொட்டவா என்று கேட்டேன். அவளும் கட்டிலில் கிடந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இப்போது உள்ளே படுத்திருக்கிறாள், மறுபடியும் தூக்கம்தான். வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வாசலிலேயே தலையைத் தெருப்பக்கம் திருப்பி நிற்கிறது. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை, பிறகு வருவார். உன் அப்பா பிடிவாதக்காரர் என்று இனி எனக்கு எழுதாதே, அதை நான் சொல்லிக்கொள்கிறேன். சளிக்கு மருந்து சாப்பிடு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அங்கே நம் ஊர்க்காரர் யாராவது எதையாவது ஒழிக்கச் சொன்னால், அவர் நம்மைப்போலத் தோவாளைக்காரரா ராஜையனைப்போல விளவங்கோட்டுக்காரரா என்று கேட்டுவிட்டுச் செய். நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், நம் குலதெய்வம் உன்னைக் காக்கட்டும். நிறுத்தி வைத்த வரியை எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

இங்கு யாவரும் சுகம்.

அம்மை
பிச்சம்மாள்