பரவாயில்லைக்கு எந்தக் கட்டம்?

ஞாயிற்றுக்கிழமை, மதியம்
கடையிலிருந்து

அன்பு டாக்டரம்மாவுக்கு,

பட்டம் கைக்கு வருவதற்குள் அப்படிக் கூப்பிடாதீர்கள் என்பாய். இப்போதே கூப்பிட்டுப் பழகிக்கொள்கிறேன். நாளைக்கு நாலு பேர் முன்னால் வாய் தவறி வீட்டுப் பெயரைச் சொல்லிவிட்டால் உன் மரியாதை என்ன ஆவது?

கூரியர்காரன் உறையை நீட்டியதும் சிரித்திருப்பாய், இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று. வேறு வழியில்லை. ஃபோனில் பேசலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். மெசேஜ் அனுப்பினால் என் ஃபோனை எனக்கு முன்னால் அவர் படித்துவிடுகிறார். கண்ணாடி நான் போட்டுக் கொடுத்தது ஆயிற்றே, தெளிவாகத்தான் தெரியும். இன்று கடை லீவு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் பரிசோதனை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் மாமனார் மாடியில் தூங்குகிறார்.

முதலில் நீ கொடுத்த வேலை. வயதானவர்களின் உடல்நலம் பற்றிய உன் ஆய்வில் முதல் கேள்வியே தகராறு செய்கிறது என்றாயே. ‘பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டு, மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம் என்று ஐந்து கட்டம் வைத்திருக்கிறாய். தமிழ் பேசுகிற பெரியவர்கள் ஐந்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பட்டியலில் இல்லாத ‘பரவாயில்லை’யைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தமிழ் தெரியாத உன் பேராசிரியை அதற்கு எந்தக் கட்டம் என்று கேட்க, நீ ஒருநாள் ‘நன்று’ என்றும் இன்னொரு நாள் ‘சுமார்’ என்றும் சொல்லி மாட்டிக்கொண்டாய். ‘உங்க கடைக்கு வயசானவங்கதானே நிறைய வர்றாங்க, கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டு எழுதுங்க’ என்றாய். கேட்டேன். காதில் விழுந்ததெல்லாம் அந்த ஒரு சொல்தான். இப்போது தூக்கத்திலும் அதுதான் கேட்கிறது.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எதிர்க்கடைப் பலகையைக் கடகடவென்று படித்துவிட்டு, ‘பரவாயில்லையே’ என்றார். அது பாராட்டு. நான் நினைத்த அளவுக்கு நீ மோசமில்லை என்று பொருள். ஃப்ரேமின் விலையைக் கேட்டதும் அவருடைய வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு, ‘பரவாயில்ல’ என்றார். அது பாராட்டில்லை. எதிர்க்கடைத் தையல்காரரின் காலை நான் தெரியாமல் மிதித்துவிட்டேன். ‘பரவாயில்ல சார், பரவாயில்ல’ என்று சொல்லிக்கொண்டே நொண்டியபடி போனார். நான் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு மாமாவும் அதையேதான் சொன்னார். கிண்ணத்தில் பாதி அப்படியே இருந்தது.

முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் இன்னும் மாறுகிறது. ‘இப்பப் பரவாயில்ல’ என்றால், நடுவில் பயந்துபோயிருந்தார் என்று அர்த்தம். ‘ஏதோ பரவாயில்ல’ என்றால், மேற்கொண்டு கேட்காதே, அழுதுவிடுவேன் என்று அர்த்தம்.

சந்தேகம் தீரவில்லை, மாமாவையே கேட்டேன். கணக்கு வாத்தியார் என்றாலும் தமிழிலும் மூக்கை நுழைக்கிறவர் அல்லவா. ‘பரவான்னா கவலை, மாப்ள. வெளியிலேர்ந்து வந்து நம்ம வீட்டுல தங்கிட்ட சொல்லு. கவலை இல்லைன்னு அர்த்தம், அவ்வளவுதான்’ என்றார். சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டப் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் அவர்கள் உன் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. கேட்கிறவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உடம்பு எப்படி என்று நீ கேட்கிறாய், நீ கவலைப்படாதே தாயி என்கிறார்கள். இதை எந்தக் கட்டத்தில் அடைப்பாய்? அதற்குத் தனியாக ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் ‘யாரிடம் சொன்னார்’ என்று குறித்துக்கொண்டால் என்ன? கண்ணாடிக்கடைக்காரன் யோசனைதான், சரிப்படாவிட்டால் தள்ளிவிடு.

உன் வேலை முடிந்தது. இனி நான் சொல்ல வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து படி.

உன் அப்பா இப்போதெல்லாம் காலையில் என்னோடு கடைக்கு இறங்கினால், சாயங்காலம்தான் மேலே ஏறுகிறார். மதியச் சாப்பாட்டையும் இங்கேயே கொண்டுவரச் சொல்கிறார். வருகிறவர் போகிறவரோடு பேசுவதில் சுவாரஸ்யம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். படி ஏறுவதை ஒரே தடவையாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

படித் திருப்பத்தில் பக்கத்து வீட்டம்மா பூந்தொட்டிகள் வைத்திருக்கிறார் இல்லையா, மாமா அங்கே வந்ததும் நின்றுவிடுவார். இலையைத் தடவுவார், மொட்டுவிட்டிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். இவருக்குச் செடி என்றால் உயிர் என்று அந்த அம்மாள் மகிழ்ந்துபோய், ஒரு தொட்டியையே தூக்கிக் கொடுத்துவிட்டார். அதைச் சுமந்துகொண்டு நான் முன்னால் ஏறினேன். மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி பின்னால் வந்தார். உன் அப்பாவுக்குச் செடிகொடிமேல் என்றைக்கு ஆசை இருந்தது, நீயே சொல்.

அப்புறம் அந்த நாற்காலிப் பரிசோதனை. கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காருவதை நீ வீடியோவில் பார்த்து நேரம் குறித்தாயே. ‘போன தடவையைவிட வேகம்ப்பா’ என்று கைதட்டினாய். அது நம் சாப்பாட்டு மேசை நாற்காலி இல்லை, அம்மணி. லென்ஸ் தேய்க்கும்போது நான் உட்காருகிற உயர ஸ்டூல். மேலே போர்வையைப் போட்டு மூடியிருந்தது. அதில் பாதி நின்றபடிதான் உட்கார முடியும். ‘இந்த நாற்காலி தாழ்வா இருக்கு மாப்ள, பாப்பா சரியாப் பார்க்க முடியாது’ என்று காரணம் சொல்லி என்னிடம் ஸ்டூலைத் தூக்கி வரச் சொன்னார். வாழ்நாள் முழுக்கத் தேர்வு அறையில் பிட் அடித்தவர்களைப் பிடித்த மனுஷர், எழுபத்தொன்பது வயதில் மகளுக்கு முன்னால் பிட் அடித்தார். பிட் எடுத்துக் கொடுத்தவன் நான். அந்த அளவை உன் கணக்கில் சேர்த்திருந்தால் அடித்துவிடு.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பது என் தொழில். லைசென்ஸைப் புதுப்பிக்க வருகிற டிரைவர்கள் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். ஒருவர் நான் விளக்கைப் போடுவதற்கு முன்பே கடைசி வரியை ஒப்பித்துவிட்டார். அவர்களுக்கென்றே வேறு பலகை வைத்திருக்கிறேன். ஊரையெல்லாம் பிடிக்கிறவனுக்கு வீட்டில் இருக்கிறவரைப் பிடிக்கத் தெரியவில்லை. நீ கைதட்டியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஃபோனை வைத்ததும் போய்ப் படுத்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் காலுக்குச் செருப்பு நுழையவில்லை. வீங்கியிருந்தது. இழுத்துக்கொண்டு போகாத குறையாக இதய டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்ன வயசு டாக்டர்தான், ஆனால் நிதானமானவர். மூச்சு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு மாமா என்ன பதில் சொல்லியிருப்பார் என்று உனக்குத் தெரியும். அதைக் கணினியில் தட்டப் போனவர் கையை நிறுத்திவிட்டு, குனிந்து கட்டைவிரலால் அவர் கணுக்காலை அழுத்தினார். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. மாமா அதைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் தளர்ந்துவிட்டது, ரத்தத்தைத் தள்ளும் வலு பாதிக்கும் கீழே போய்விட்டது, அதனால்தான் காலிலும் நுரையீரலிலும் நீர் சேர்கிறது என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார். உப்பைக் குறைத்தாயிற்று, வீக்கமும் கொஞ்சம் வடிந்திருக்கிறது. இந்த வயதில் கத்தி வைக்க வேண்டாம் என்கிறார். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அவராகவே என்னைத் தனியாக நிறுத்தி, ‘தூரத்துல இருக்கிறவங்க யாராவது இருந்தா, தள்ளிப்போடாம வந்து பார்க்கச் சொல்லுங்க’ என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைத் தொட்டுப் பேசுகிற ஆள் இல்லை அவர், உனக்குத் தெரியும். ‘பாப்பாவுக்கு எழுதாதீங்க மாப்ள. ஆய்வேட்டைக் கொடுக்கிற வரைக்கும் எழுதாதீங்க. ஒரு தடவை அவ அம்மா படுத்தப்ப, படிக்கக் கிடைச்ச இடத்தை விட்டுட்டு வந்தா. அப்ப நான் சும்மா இருந்துட்டேன். ரெண்டாவது தடவை எனக்காக விட்டான்னு இருக்கக் கூடாது’ என்றார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? எப்போது கொடுக்கிறாள் என்று கேட்டார். இன்னும் அஞ்சு மாசம் ஆகும் மாமா என்றேன். விரலை மடக்கி மாதங்களை எண்ணிவிட்டு, ‘அதுவரைக்கும் தாங்குவேன்ல?’ என்று கேட்டார்.

என்னைப் போய்க் கேட்கிறார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன், பாஸாகிவிடுவேனா சார் என்று கேட்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.

அவருக்குக் கொடுத்த வாக்கை இப்போது மீறுகிறேன். எல்லாம் முடிந்த பிறகு உனக்குத் தெரியவந்தால் என்னை ஒருநாள் மன்னித்துவிடுவாய், உன்னையே நீ மன்னிக்க மாட்டாய். அந்தப் பாரத்தோடு மீதிக் காலமெல்லாம் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

ஆய்வை விட்டுவிடு என்று சொல்லவில்லை. நீயே விட நினைத்தாலும் நான் விட மாட்டேன். பேட்டிகளெல்லாம் முடிந்துவிட்டன, இனி உட்கார்ந்து எழுதுவதுதான் பாக்கி என்றாய் அல்லவா? அதை இங்கே உட்கார்ந்து எழுது. பேராசிரியையிடம் மனம் விட்டுப் பேசு. முதியவர்களைப் பற்றியே படிக்கிறவர், ஒரு முதியவருக்காகக் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார். இந்தக் கண் பரிசோதனை அறையை உனக்கு ஒழித்துத் தருகிறேன். கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் கேட்காது. சமையல் என் பொறுப்பு. சூப்பைப் பற்றி மேலே எழுதியதை மறந்துவிடு.

ஆனால், வருகிற விஷயத்தை அவரிடம் சொல்வதில் சாமர்த்தியம் வேண்டும். ‘உங்களைப் பார்க்க வர்றேன்ப்பா’ என்றால் காரியம் கெட்டது. எனக்கு என்ன குறைச்சல் என்று சத்தம் போடுவார், என்னோடு பேச்சை நிறுத்துவார். நீ இப்படிச் சொல்: ‘எனக்கு இங்க தனியா முடியலப்பா. கொஞ்ச நாள் உங்ககூட இருந்து எழுதுறேன்.’ அதற்கு அவரால் மறுப்புச் சொல்ல முடியாது. அடுத்த நிமிஷமே உன் மெத்தையை வெயிலில் போடச் சொல்லி என்னை விரட்டுவார்.

உன்னைப் பொய் சொல்லத் தூண்டுகிறேன் என்று நினைக்காதே. போன ஞாயிறு ஃபோனில் நடுநடுவே இருமிக்கொண்டிருந்தாய். உடம்புக்கு என்ன என்று நான் கேட்டேன். ‘பரவாயில்லைங்க’ என்றாய். வேலைகள் காத்திருக்கின்றன என்று ஃபோனை வைத்தும் விட்டாய். நான் நம்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மாமா மட்டும் அணைந்துபோன ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி வந்ததும், ‘பாப்பாவுக்கு ரொம்ப முடியல போலிருக்கு மாப்ள’ என்றார்.

வந்துவிடு.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்